இடது பின் சக்கரம்

கார் சக்கரத்தின் நடுவில் பளபளவென்று ஒரு மூடி இருக்குமே, அதை நாங்கள் வீல் கப் என்போம். எங்கள் வெள்ளை அம்பாசடருக்கு அது நான்கு. அந்த நான்கையும் பற்றித்தான் என் கணவருக்கு வாழ்நாள் முழுவதும் கவலை. அவருடைய கவலைப் பட்டியலில் நான் ஐந்தாவது இடத்தில் இருந்தேன் என்று விளையாட்டாகச் சொல்வேன். அவர் சிரிக்கமாட்டார். கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்படி ஒண்ணும் இல்ல" என்பார். யோசிப்பாரே, அதுதான் எனக்கு எரிச்சல்.

டிக்கியில் ஒரு காக்கிக் கித்தான் சுருள் உண்டு. விரித்தால் தனித்தனிப் பையாகத் தைத்திருக்கும். நட்டு கழற்றும் ஸ்பானர், ஜாக்கியைச் சுழற்றும் கைப்பிடி, பிளக் கழற்றும் குழல், எல்லாம் அந்த வண்டி புதிதாக வந்த அன்று கூடவே வந்தவை. அவற்றில் ஒன்று வீல் கப்பைக் கழற்றும் கம்பி. முழங்கை நீளம். ஒரு முனை தட்டையாகி லேசாக வளைந்திருக்கும். நாக்குக் கம்பி என்று நாங்களே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம்.

கழற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கம்பியின் நாக்கை மூடிக்கும் ரிம்முக்கும் நடுவில் விட்டு, நெம்பக் கூடாது, திருப்ப வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம். 'டக்'கென்று சத்தம் வரும். மூடி கையில் விழும். ஸ்குரூடிரைவரை விட்டுக் குத்திப் பெயர்த்தால் ஓரம் வளையும், பூச்சு உரியும். வளைந்த மூடி பிறகு ஒழுங்காக உட்காராது. ஓடுகிற வண்டியிலிருந்து கழன்று உருண்டுபோய் எந்த ஓடையிலாவது விழும். திரும்ப மாட்டும்போது சுத்தியல் ஆகாது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தட்ட வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பஞ்சரான ஒவ்வொரு தடவையும் அவர் மூடியைக் கழற்றிப் பின்பக்கமாக என்னிடம் நீட்டி, "பிடி" என்பார். மல்லாந்த மூடியில் நட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுவார். முப்பது வருடம், வெயிலிலும் மழையிலும், நான் அந்த மூடியை ஏந்திக்கொண்டு ரோட்டோரம் நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூட ஸ்பானரை என் கையில் தந்ததில்லை.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காரோடு என்கிற ஊருக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்துக்குள் எங்கள் வீடு. நான் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவள். ஓர் எழுத்து பிசகினாலும் தாளை உருவிக் கிழித்துவிட்டு முதலிலிருந்து அடிப்பேன். கூட வேலை பார்த்தவர்கள் என்னைப் பார்த்து நடுங்குவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது நடுங்கவும் ஆளில்லை. வாரம் ஒருமுறை சர்ச்சுக்கு வண்டியை ஓட்டிப் போவேன், வருவேன். மற்ற நாட்களில் என் குரலை நானே கேட்பது காஸ் சிலிண்டர் வரும்போதுதான்.

எனக்கு ஓர் அக்கா. மூன்று வயது மூத்தவள். நெய்யாற்றின்கரையில் கட்டிக் கொடுத்தார்கள். அவளுக்கு ஒரே மகள். சனி ஞாயிறு ஆனால் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில்தான் கிடக்கும். வண்டியில் முன்சீட்டில் என் மடியில் உட்கார்ந்து ஹாரனை அமுக்கி அமுக்கி என் கணவரின் உயிரை வாங்கும். அவர் அதட்டியதில்லை. அவளுக்குக் கல்யாணம் என்றதும் கேட்கவே வேண்டாம், பெண்ணை ஏற்றிப் போவது எங்கள் வண்டிதான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுத் துடைத்தார் மனிதர். நாலு மூடியிலும் முகம் பார்க்கலாம்.

கல்யாணம் முடிந்து மண்டபத்தில் சாப்பாடு நடக்கும்போது மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஸ்குரூடிரைவரால் இரண்டு வீல் கப்பைப் பெயர்த்து எடுத்து, சிஞ்சா என்கிற கைத்தாளம் தட்டுவதுபோல் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். ஜனம் கைதட்டியது. நானும் முதலில் சிரித்தேன், ஏதோ பாத்திரம் என்று நினைத்து. என் கணவர் இலையை விட்டு எழுந்து போனார். ஆயுளில் யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அன்று ஒருவனின் சட்டையைப் பிடித்துவிட்டார். ஒரு மூடி நன்றாகவே வளைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். அக்கா பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"எனக்க பிள்ளைக்க கல்யாணத்தைக் காட்டிலும் உங்களுக்கு இந்தத் தகர மூடி பெரிசாக்கும், இல்லியா?" என்றாள், அத்தனை பேர் முன்னால்.

அவர் இரண்டு மூடியையும் எடுத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். ஏறு என்று சொல்லவில்லை, இதை நான் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பார்க்க மட்டும்தான் செய்தார். நானே போய் ஏறினேன். ஒரு வாரம் ராப்பகலாகத் துடைத்ததை இவள் தகரம் என்கிறாளே என்று எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் யாருடைய ஜீப்பிலோ போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கல்யாணப்பெண்ணை மண்டபத்தில் விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போன சித்தப்பா, சித்தி. எங்கள் பக்கத்தில் இதை மறக்கமாட்டார்கள். மறக்கவும் கூடாதுதான்.

பதினொரு வருடம் ஆயிற்று. முதலில் அவள் கூப்பிடட்டும் என்று நான். முதலில் நான் கூப்பிடட்டும் என்று அவள். அதில் பாதிக் காலம் நான் அதே ஊரில் வேலைக்குப் போனேன். கோர்ட்டிலிருந்து அவள் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அந்தத் தெருவைத் தவிர்க்க நான் ஆஸ்பத்திரி வழியாகச் சுற்றிப் போவேன். என் கணவர் இறந்தபோது அவள் வரவில்லை. பார்த்தாயா, செத்தும் மனம் இளகவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அதற்கு முன்பே பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறாள், பேச்சு போய்விட்டது என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு? பேச முடியாதவளோடு யார் முதலில் பேசுவது என்று என்ன வழக்கு இருக்கிறது? நான்தான் பேச வேண்டும். அப்போதும் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்துவிட்டேன்.

அன்று ஹர்த்தால், கேரளம் முழுக்கக் கடையடைப்பு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஹர்த்தால் ஒரு விசேஷ நாள். இந்தப் பக்கம் பெட்டிக்கடைகூடத் திறக்காது. இரண்டு கிலோமீட்டர் நடந்து எல்லையைத் தாண்டினால் களியக்காவிளையில் சகலமும் திறந்திருக்கும். ஜனம் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் மீன் வாங்கி வரும். எனக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. என் வீட்டில் தினமும் ஹர்த்தால்தான்.

பத்தேகால் இருக்கும், போன் வந்தது. என்னோடு கோர்ட்டில் வேலை பார்த்தவள், மலையாளத்தில், "சேச்சி அறிஞ்ஞில்லே?" என்றாள், அக்காவுக்கு விஷயம் தெரியாதா என்று. அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா முந்தின நாள் ராத்திரி போய்விட்டாள். வீட்டில் ஜெபம் நடத்தி ஒரு மணிக்குப் பெட்டியை மூடுகிறார்களாம். அவர்கள் சபையில் வீட்டிலேயே மூடிவிடுவார்கள். சர்ச்சுக்குக் கொண்டுபோன பிறகு திறக்கிற வழக்கம் இல்லை. முகம் பார்க்கிறவர்கள் அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மணி. இரண்டே முக்கால் மணி நேரம் இருக்கிறது. வண்டியில் முக்கால் மணி நேரத் தூரம். பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது. காலைப் பாசஞ்சர் போய்விட்டது, அடுத்த ரயில் சாயங்காலம்தான். என்னிடம்தான் வண்டி இருக்கிறதே என்று சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். இடது பின் சக்கரம் காற்று இறங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"நாசமாப் போச்சு" என்று நான் கத்தியது மதில் தாண்டிக் கேட்டிருக்கிறது. அடுத்த வீட்டில் டெம்போ ஓட்டுகிற தம்பி இருக்கிறான். ஹர்த்தால் ஆனதால் வீட்டில் இருந்தான். எட்டிப் பார்த்தான், விஷயத்தைக் கேட்டான், உடனே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். கையில் ஸ்குரூடிரைவர்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இந்த மூடிய ஒரு நெம்பு நெம்பினா தெறிச்சு வந்துரும். பின்ன எனக்க ஜாக்கி உண்டு. பத்து நிமிஷ சோலியாக்கும்."

"அதை வச்சுத் தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்" என்றேன்.

அவன் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "செரி, அது வேண்டாம். பைக்கில ஏறுங்க. அர மணிக்கூறுல நான் கொண்டு விடுதேன். சாவு வீட்டுக்குப் போறதுக்கு எதுல போனா என்ன அக்கா?"

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த நிமிடம் அவன் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தால் பதினொரு மணிக்கெல்லாம் நான் அக்காவின் தலைமாட்டில் இருந்திருப்பேன். நான் ஏறவில்லை. ஏன் என்று எழுதாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலில் போய் இறங்கும்போது இந்த வண்டியில்தான் இறங்க வேண்டும், நாலு மூடியும் ஒரு கீறல் இல்லாமல் மின்ன வேண்டும், அங்கே இருக்கிறவர்கள் பார்க்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. அவரில்லாமல், எவனோ ஒருத்தன் பைக்கில் தொற்றிக்கொண்டு போய் இறங்கினால், எல்லாம் போனவள் என்று நினைப்பார்கள் அல்லவா? எல்லாம் போனவள்தான் நான். அதை அவர்கள் பார்த்துவிடக் கூடாது. அக்கா செத்துக் கிடக்கிறாள், எனக்கு வந்த யோசனை இது. என்ன ஜென்மமோ!

"வேண்டாம். எனக்க வண்டியை நானே பாத்துக்கிடுவேன்" என்றேன்.

"பின்ன உங்க இஷ்டம். விளிச்சா வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

டிக்கியைத் திறந்து கித்தான் சுருளை விரித்தேன். எல்லாம் இருந்தது. நாக்குக் கம்பியின் பை மட்டும் காலி.

டிக்கியைக் கவிழ்க்காத குறையாகத் தேடினேன். சீட்டுக்கு அடியில் பார்த்தேன். ஷெட்டில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் பார்த்தேன், அடுக்களையில் பார்த்தேன், விறகுப்புரையில் பார்த்தேன். செத்துப்போன மனுஷனைக் கண்டபடி திட்டினேன். எங்கேயாவது வச்சுத் தொலைச்சிருப்பீரு, கேட்டா யோசிப்பீரு! பதினொன்று அடித்தது. மதிலுக்கு அந்தப்புறம் அவன் டெம்போவைக் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை.

பதினொன்றரைக்கு மேல்தான் ஞாபகம் வந்தது. ஒளித்து வைத்தது நான்தான். அவர் போன மறுமாதம் ஓர் ஆள் வந்து, பழைய வண்டி இருக்கிறதாமே, கொடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ராத்திரியில் வந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவானோ என்று பயம். நாக்குக் கம்பி இல்லாமல் எவனும் மூடியைத் தொட முடியாது என்று அதை அவருடைய வேட்டியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஸ்குரூடிரைவர் என்று ஒன்று ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, கள்ளனுக்கும் இருக்கும் என்று மண்டபத்தில் கண்ணால் பார்த்திருந்தும் அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டுச் சட்டம் உலகத்துக்கே சட்டம் என்று நினைத்திருக்கிறேன். பைத்தியக்காரி.

வேட்டியை விரித்துக் கம்பியை எடுத்ததும் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அக்காவுக்காக அழுதேனா, அவருக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை. அதில் பத்து நிமிடம் போயிருக்கும்.

கம்பியின் நாக்கை விட்டுத் திருப்பினேன். இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம். 'டக்'கென்று மூடி கழன்று வந்தது. முதல் தடவையாக என் கையால் கழற்றுகிறேன். கழற்றியதும் என்னை அறியாமல் அதைப் பின்பக்கமாக நீட்டினேன். வாங்க யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கை அப்படியே நின்றது. பிறகு மூடியைத் தரையில் மல்லாத்தி வைத்தேன்.

நட்டுகள் இறுகிப் போயிருந்தன. ஸ்பானரை மாட்டி அதன்மேல் ஏறி நின்று, வண்டியின் கூரைவிளிம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குலுக்கினேன். அறுபத்திரண்டு வயதில் அந்தக் கோலத்தை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். ஒவ்வொன்றாக இளகியது. அடுத்து ஜாக்கி. இந்த வண்டியின் ஜாக்கியை அடியில் வைப்பதில்லை. பக்கவாட்டில் கதவுக்குக் கீழே ஒரு துளை இருக்கும், ஜாக்கியின் கையை அதில் செருகிச் சுழற்ற வேண்டும். துளைக்குள் குளவி மண்கூடு கட்டி அடைத்து வைத்திருந்தது. ஈர்க்குச்சியால் குத்தினேன், ஒடிந்தது. கம்பியால் தோண்டினேன். மண் பொடிப்பொடியாகக் கண்ணில் விழுந்தது. அதற்கே இருபது நிமிடம்.

ஸ்டெப்னியை மாட்டி நட்டுகளை முறுக்கி முடிக்கும்போது பன்னிரண்டரை. கிளம்பியிருக்கலாம். வீல் கப் இல்லாமலும் வண்டி ஓடும், அது வெறும் அழகுக்குத்தான். நான் மூடியை எடுத்து மாட்டப் போனேன். கல்யாணத்தன்று வளைந்து, பிறகு அவர் மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கிய மூடி அது. லேசில் உட்காராது. ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழும்பும். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். கெட்ட வார்த்தை சொல்லித் தட்டினேன். கடைசியில் உட்கார்ந்தது. சேலையை மாற்றிக்கொண்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் 'மரணம்' என்று மலையாளத்தில் எழுதி முன்கண்ணாடியில் ஒட்டி, வண்டியை வெளியே எடுக்கும்போது மணி ஒன்றாகப் பத்து நிமிடம்.

ஹர்த்தால் நாளில் வண்டி ஓட்ட அந்தத் தாள் போதும். ரோடு காலியாகக் கிடந்தது. பாறசாலை தாண்டி ஒரு முக்கில் கொடி பிடித்த ஆட்கள் நாலைந்து பேர் நிறுத்தினார்கள். தாளை வாசித்தார்கள், என்னைப் பார்த்தார்கள், "பொய்க்கோ அம்மே" என்று வழிவிட்டார்கள். ஒருவன் மட்டும் சக்கரங்களைக் குனிந்து பார்த்து, "ஒரிஜினலா?" என்று ஆசையாகக் கேட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம் என்றேன். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அக்கா வீட்டுத் தெருவுக்குள் திரும்பவே முடியவில்லை. எதிரே ஜனம் வந்துகொண்டிருந்தது. முன்னால் சிலுவை, பிறகு போதகர், பிறகு வண்டியில் பெட்டி. மூடிய பெட்டி. நான் ஓரமாக நிறுத்தினேன். மணி ஒன்றே முக்கால்.

கூட்டத்திலிருந்து ஒருத்தி பிரிந்து வந்தாள். தலையில் வெள்ளை முக்காடு, அழுது வீங்கிய முகம். எனக்கு யாரென்று உடனே தெரியவில்லை. அவளுக்கு வண்டியைத் தெரிந்திருக்கிறது. கதவின்மேல் கையை வைத்து, "சித்தி" என்றாள். என் மடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தவள். மண்டபத்தில் நாங்கள் விட்டுவிட்டு வந்தவள்.

"இப்பமாக்கும் வாறது?"

"மூடியாச்சா மக்கா?"

"மூடியாச்சு. ஒரு மணிக்கே மூடணும்னு சொன்னாவ. நான் சம்மதிக்கல. சித்தி வருவாவ, சித்தி வருவாவன்னு கால் மணிக்கூறு பிடிச்சு வச்சேன். வாசல்லயே நின்னு ரோட்டைப் பாத்தேன். பின்ன ஜெபம் நடத்துன அய்யரு இனி முடியாதுன்னு சொல்லிட்டாரு." மூக்கை முக்காட்டால் துடைத்தாள். "உங்க ஆபீஸ் அக்காட்ட விளிக்கச் சொன்னது நானாக்கும். எனக்கு நேர விளிக்க பயமா இருந்து, நீங்க ஏசுவியளோன்னு."

யாருக்கும் நான் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு பதினொரு வருடம் இருந்திருக்கிறேன். இவள் வாசலில் நின்று எனக்காக ரோட்டைப் பார்த்திருக்கிறாள்.

"டயர் பஞ்சர் ஆயிட்டு மக்கா. நானே மாத்தினேன்."

அவள் ஸ்டியரிங்கின்மேல் இருந்த என் கைகளைப் பார்த்தாள். கழுவ நேரமில்லை, முழங்கை வரை கரி, ஒரு விரலில் ரத்தம் காய்ந்திருந்தது.

"ஒத்தைக்கா மாத்தினிய?"

"ஒத்தைக்கு."

"ஒரு கை உதவிக்குக்கூட ஆருமில்லியா சித்தி? கொண்டு விட ஒரு ஆளு கெடைக்கலியா?"

"இல்ல" என்றேன்.

அவள் உடைந்து அழுதாள். அம்மாவுக்காக அழுததைவிட அதிகமாக, எனக்காக, நடு ரோட்டில். என் கரிக்கையை எடுத்துத் தன் முகத்தோடு வைத்துக்கொண்டாள். "எங்க சித்தி ஆருமில்லாம கெடக்காவ, நாங்க ஒருத்தரும் திரும்பிப் பாக்கல" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பிறகு முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் பெட்டியின் பின்னால் மெதுவாகப் போனோம். அப்போதே சொல்லியிருக்கலாம், ஆள் இருந்தான், நான்தான் வரமாட்டேன் என்றேன் என்று. அவள் கை என் தோளில் இருந்தது. எத்தனையோ நாளாக ஒரு மனுஷக் கை என்மேல் பட்டதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் போன் செய்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை மகளையும் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு நாள் தங்குகிறாள். அந்தக் கதையை எல்லாரிடமும் சொல்கிறாள். ஒருத்தர் உதவி இல்லாமல், ஹர்த்தால் அன்று, ஒத்தைக்கு டயர் மாற்றிக்கொண்டு வந்த சித்தி. சொல்லச் சொல்லக் கதை வளர்கிறது. போன தடவை மதிலோரம் நின்று அடுத்த வீட்டுத் தம்பியிடமே சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டான். என்னை ஒரு தடவை பார்த்தான். "ஆமா, அக்காவுக்கு ஆரு உண்டு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் மதிலுக்கு மேல் எட்டிப் பார்ப்பதில்லை.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அது இனி முடியாது. அவள் மகளிடம் உண்மையைச் சொல்வது முடியும், இந்த ஞாயிற்றுக்கிழமைகூட முடியும். சொன்னால் போன் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மறுபடியும் இந்த வீட்டில் காஸ் சிலிண்டருக்காகக் காத்திருக்க என்னால் ஆகாது. ஆனால் யாரிடமாவது சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அவள் தமிழ் பேசுவாள். படித்ததெல்லாம் மலையாளப் பள்ளியில், தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன்.